ஜீப் கூரையில் கேரியர்: பட்டறை சொல்லும் எடை வேறு, வண்டி தாங்கும் எடை வேறு

கேள்வி: எங்களுக்குக் கொடைக்கானல் மேல்மலையில் ஒன்றரை ஏக்கர் நிலம். பூண்டு, கேரட், பீன்ஸ் போடுகிறோம். பழைய பொலிரோ ஒன்று வாங்கியிருக்கிறோம். வீட்டிலிருந்து தோட்டத்துக்கு மூன்று கிலோமீட்டர் மண் பாதை. என் வீட்டுக்காரர் ஸ்பிரேயரையும் மருந்து பாட்டில்களையும் பின்சீட்டில் பிள்ளைகளின் காலடியில் வைத்துத்தான் கொண்டுபோகிறார். வண்டி முழுக்க மருந்து வாடை. சின்னவளுக்கு வண்டியில் ஏறினாலே வாந்தி வருகிறது. அதனால் மேலே கேரியர் போடச் சொன்னேன். பட்டறைக்காரர், "ஜிஐ பைப்பில் செய்து தருகிறேன், 300 கிலோ தாங்கும்" என்கிறார். அதைக் கேட்டதும் என் கொழுந்தனார், "அப்படியென்றால் பூண்டு மூட்டையையும் மேலே ஏற்றி வடுகபட்டிக்குக் கொண்டுபோகலாம்" என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. எந்த மாதிரி கேரியர் போடலாம்? எவ்வளவு எடை ஏற்றலாம்?

(மேல்மலை வாசகி ஒருவர்)

பதில்: சகோதரி, கேரியர் வேண்டும் என்று நீங்கள் நினைத்த காரணம் மிகவும் சரியானது. அதே கேரியரில் பூண்டு மூட்டை ஏற்றலாம் என்பது ஆபத்தான யோசனை. இந்த இரண்டையும் பிரித்துக்கொண்டால் எதை வாங்குவது என்பது தானாகத் தெளிவாகிவிடும். மலைப் பகுதிகளில் ஜீப் வைத்திருக்கும் பல குடும்பங்களுக்கும் இது பொருந்தும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், இன்றைக்கே செய்ய வேண்டியது

கேரியர் தயாராகப் பத்து நாள் ஆகலாம். அதுவரை பிள்ளைகளை மருந்தோடு ஒரே வண்டியில் ஏற்ற வேண்டாம். மருந்தையும் ஸ்பிரேயரையும் ஒரு நடையாகவும், ஆட்களை வேறு நடையாகவும் கொண்டுபோகலாம். அது முடியாத நாளில் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிடுங்கள். மருந்தடித்த ஸ்பிரேயர் காலியாக இருந்தாலும் அதன் குழாயிலும் முனையிலும் மருந்து மிச்சம் இருக்கும். அது தரை விரிப்பில் சொட்டினால் வாடை பல நாள் போகாது. பிள்ளைகள் காலை வைப்பதும், கீழே விழுந்த தின்பண்டத்தை எடுத்து வாயில் போடுவதும் அதே இடத்தில்தான்.

பாட்டில் மேலே சாய்சதுரமாக ஒரு நிற அடையாளம் இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு. மஞ்சள் என்றால் கடும் நஞ்சு. நீலம் மிதமானது, பச்சை குறைவானது. பச்சையாக இருந்தாலும் பூட்டிய வண்டிக்குள் ஆட்களோடு வைக்கக் கூடாது. குழந்தைக்கு வாந்தி தொடர்ந்தாலோ, தலைசுற்றல், கண் மங்கல், எச்சில் ஊறுதல், வியர்த்துக்கொட்டுதல் போன்றவை இருந்தாலோ, மலைப் பாதையில் வரும் வாந்தி என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அவசரம் என்றால் 108-ஐ அழைத்து, மருந்து பாட்டிலின் லேபிளையும் கையில் எடுத்துப் போங்கள். முறிவு மருந்து என்ன என்பது அதில் அச்சிட்டிருக்கும்.

300 கிலோ என்பது எங்கிருந்து வருகிறது?

பட்டறைக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் கேரியரின் பலத்தைச் சொல்கிறார். நாலு பேர் மேலே ஏறி நின்று காட்டினாலும் அந்த ஜிஐ பைப் வளையாது. ஆனால் அந்தக் கேரியர் உட்கார்ந்திருப்பது வண்டியின் கூரை மேல். கூரை எவ்வளவு தாங்கும், அந்த எடையோடு வண்டி சாயாமல் வளைவில் திரும்புமா என்பதுதான் கணக்கு. அந்தக் கணக்கு பட்டறையில் கிடைக்காது, வண்டியோடு வரும் கையேட்டில்தான் கிடைக்கும்.

கையேட்டில் கூரைச் சுமை என்று ஒரு அளவு தந்திருப்பார்கள். பெரும்பாலான கார், ஜீப் வகைகளில் அது 50 முதல் 100 கிலோ வரைதான் இருக்கும். சில சிறிய ஜீப்களில் 30 கிலோதான். உங்களிடம் கையேடு இல்லையென்றால், வண்டி மாடலையும் தயாரித்த ஆண்டையும் சொல்லி, அந்த நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கூரையில் சுமை ஏற்றக் கூடாது என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிட வேண்டியதுதான்.

இதில் இரண்டு விஷயங்களைப் பலரும் கவனிப்பதில்லை. ஒன்று, அந்த அளவுக்குள் கேரியரின் எடையும் அடக்கம். இரண்டு, அது நல்ல தார் ரோட்டுக்கான அளவு. குண்டும் குழியுமான பாதையில் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது மேலே இருக்கும் 50 கிலோ, அந்த ஒரு நொடிக்கு 100 கிலோ போலக் கூரையை அழுத்தும். அதனால்தான் கரடுமுரடான பாதைக்குக் கேரியர் செய்யும் வெளிநாட்டு நிறுவனங்கள் சில, ரோட்டுக்குச் சொன்ன அளவில் மூன்றில் இரண்டு பங்கு மட்டுமே ஏற்றச் சொல்கின்றன. உங்கள் மண் பாதைக்கும் இதே கணக்கை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

உங்கள் வண்டிக்குக் கூரைச் சுமை 75 கிலோ என்று பதில் வந்ததாக வைத்துக்கொள்வோம். மண் பாதைக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 50 கிலோ. இனி 5 அடி நீளம், 4 அடி அகலத்தில் மூன்று விதமான கேரியரை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, பட்டறைக்காரர் சொல்லும் ஒரு இஞ்சு ஜிஐ பைப். கீழ்ச் சட்டம், மேல் கைப்பிடிச் சட்டம், ஆறு குறுக்குப் பைப், நடுவில் சிறு கால்கள் என்று சேர்த்தால் ஏறக்குறைய 65 அடி பைப் ஆகும். அது சுமார் 20 மீட்டர். தண்ணீருக்குப் போடும் நடுத்தர ரக ஒரு இஞ்சு ஜிஐ பைப் மீட்டருக்குச் சுமார் 2.4 கிலோ. பைப் மட்டுமே 48 கிலோ. கிளாம்ப், போல்ட் எல்லாம் சேர்த்தால் 54 கிலோவுக்கு வந்துவிடும். ஒரு கயிறு கூட ஏற்றுவதற்கு முன்பே அளவு தாண்டிவிட்டது.

இரண்டாவது, அதே வடிவம், ஆனால் 25 மில்லிமீட்டர் ஸ்கொயர் பைப், 16 கேஜ். இது மீட்டருக்குச் சுமார் 1.2 கிலோ. பைப் 24 கிலோ, மற்றவை 6 கிலோ, மொத்தம் 30 கிலோ. மிச்சம் 20 கிலோ ஏற்றலாம்.

மூன்றாவது, அதே ஸ்கொயர் பைப்பில் மேல் கைப்பிடிச் சட்டம் இல்லாமல், நாலே குறுக்குப் பைப்போடு தட்டையாகச் செய்வது. 34 அடி பைப் போதும். எல்லாம் சேர்த்து 18 கிலோ. மிச்சம் 32 கிலோ ஏற்றலாம்.

கனமான கேரியரைப் போட்டால் அந்தக் கேரியரைச் சுமக்கவே வண்டி ஓடும். உயரமான கம்பி வேலி போலச் சுற்றிலும் கட்டினால் பார்க்க எடுப்பாக இருக்கும், ஆனால் அது எடையைக் கூட்டுவதோடு, "இவ்வளவு இடம் இருக்கிறதே" என்று மேலும் மேலும் ஏற்றத் தூண்டும். கேரியர் தட்டையாகவும் லேசாகவும் இருப்பதே நல்லது.

அலுமினியமா, இரும்பா?

அலுமினியத்தின் எடை இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் அதே பலம் வர வேண்டும் என்றால் தடிமன் கூட்ட வேண்டும். ஆகக் கடைசியில் கேரியரின் எடை ஏறக்குறைய பாதியாகக் குறையும். துருப்பிடிக்காது. பனியும் சாரலும் அதிகமுள்ள மேல்மலைக்கு இது நல்ல குணம். குறை என்னவென்றால், விலை கூடுதல். அலுமினியத்தை நன்றாக வெல்டிங் செய்யத் தெரிந்தவர் எல்லா ஊரிலும் கிடைக்க மாட்டார். வெல்டிங் சரியில்லாத அலுமினியக் கேரியர் மண் பாதை அதிர்வில் பற்றவைத்த இடத்திலேயே விரிசல் விடும். ஆகவே அலுமினியம் என்றால் போல்ட் போட்டு இணைக்கும் கம்பெனிக் கேரியரை, உங்கள் வண்டி மாடலுக்கென்றே வருவதை வாங்குங்கள். பட்டறையில் செய்வதாக இருந்தால் இரும்பு ஸ்கொயர் பைப்பே நல்லது. பைப்பின் முனைகளை மூடச் சொல்லுங்கள். திறந்திருந்தால் மழைநீர் உள்ளே இறங்கி, வெளியே பெயின்ட் பளபளக்க, உள்ளிருந்தே துரு அரித்துவிடும்.

கூரையோடு எப்படிப் பிணைப்பது?

பைப்பைவிட இதுதான் முக்கியம். கூரையின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். பழைய ஜீப் வகைகளில் மழைநீர் ஓடுவதற்கு ஒரு சிறு வாய்க்கால் போன்ற விளிம்பு இருக்கும். அது இருந்தால் அதைப் பிடித்து நிற்கும் கிளாம்ப் கால்கள் போடலாம். பக்கத்துக்கு மூன்று, மொத்தம் ஆறு கால்களுக்குக் குறையக் கூடாது. கால் எண்ணிக்கை கூடினால் ஒவ்வொரு இடத்திலும் விழும் பாரம் குறையும். மண்வெட்டியை ஒரு விரலால் தூக்குவதற்கும் ஐந்து விரலால் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

விளிம்பு இல்லாத புதிய வண்டிகளில் கூரையின் இரு பக்கமும் கம்பி போன்ற ரெயில் இருக்கலாம். அது சும்மா அழகுக்கு ஒட்டியதா, சுமை தாங்குவதா என்று சர்வீஸ் நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். சில வண்டிகளில் கேரியருக்கென்றே நிறுவனம் விட்டிருக்கும் போல்ட் துளைகள் மூடிபோட்டு இருக்கும்.

கூரைத் தகட்டில் புதிதாகத் துளை போடவோ, கூரையோடு நேரடியாக வெல்டிங் வைக்கவோ சம்மதிக்காதீர்கள். நடுக் கூரை என்பது வெறும் மெல்லிய தகடு. பலமெல்லாம் ஓரச் சட்டத்திலும் தூண்களிலும்தான் இருக்கிறது. துளை வழியாக நீர் இறங்கி உள் விரிப்பு ஊறி, ஒரே மழைக்காலத்தில் துரு பிடிக்கும். வெல்டிங் வைத்தால் கழற்றவும் முடியாது. கதவு இடுக்கில் கொக்கி மாட்டும் கேரியர், உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் ரப்பர் கேரியர் போன்றவை உங்கள் பாதைக்கு ஆகாது.

கால்களுக்கு அடியில் ரப்பர் வைத்து, தானாகக் கழலாத நைலான் பதித்த நட் போட்டு முடுக்கச் சொல்லுங்கள். மாட்டிய பிறகு முதல் 50 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டையும் ஒருமுறை முடுக்குங்கள். பிறகு வாரம் ஒருமுறை. மருந்து அடிக்கும் சீசன் முடிந்ததும் கழற்றி வைத்துவிடுங்கள். சும்மா மாட்டியிருந்தாலே காற்றை எதிர்த்து டீசல் கூடுதலாகப் பிடிக்கும்.

பூண்டு மூட்டை ஏன் மேலே ஏறக் கூடாது?

இதை உங்கள் கொழுந்தனாருக்குப் படித்துக் காட்டுங்கள். தலையில் தண்ணீர்க் குடம் இல்லாமல் வரப்பில் நடப்பது ஒரு விதம், குடத்தோடு நடப்பது வேறு விதம். இடுப்பில் வைத்த அதே குடம் அவ்வளவு ஆட்டாது. வைக்கோல் பாரம் ஏற்றிய மாட்டுவண்டி சமதரையில் சாதாரணமாகப் போகும், வாய்க்கால் கரையில் ஒரு சக்கரம் இறங்கினால் கவிழ்ந்துவிடும். எடை எவ்வளவு என்பதோடு, எவ்வளவு உயரத்தில் என்பதும் சேர்ந்துதான் வண்டியைச் சாய்க்கிறது.

எண்ணில் சொல்கிறேன். 1,600 கிலோ வண்டி, அதன் எடை மையம் தரையிலிருந்து 70 சென்டிமீட்டர், இடது வலது சக்கரங்களுக்கு இடையே 140 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இந்த வண்டி நின்ற நிலையில் பக்கவாட்டில் 45 பாகை சாய்ந்தால் கவிழும். 50 கிலோ மூட்டை ஐந்தைக் கூரையில், 2 மீட்டர் உயரத்தில் ஏற்றினால் எடை மையம் கிட்டத்தட்ட 88 சென்டிமீட்டருக்கு ஏறிவிடும். அப்போது 39 பாகைக்கு முன்பே கவிழும். ஆறு பாகைதானே என்று தோன்றும். இது அசையாமல் நிற்கும் வண்டியின் கணக்கு. கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது எடை வெளிப்பக்கம் தள்ளும், வெளிச் சக்கரத்தின் ஸ்பிரிங் அமுங்கும், அந்த நேரம் ஒரு பள்ளமும் வந்தால் மிச்சமிருக்கும் இடைவெளி எல்லாம் தீர்ந்துவிடும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை. சேற்றிலிருந்து ஏறிவர அது உதவும், சாய்வதைத் தடுக்காது.

மேல்மலையிலிருந்து சமவெளிக்கு இறங்குவது நீண்ட இறக்கம். மேலே பாரம் இருந்தால் ஒவ்வொரு பிரேக்குக்கும் வண்டி முன்னால் குனியும், முன் பிரேக் அதிகமாகச் சூடேறும். கீழே உட்கார்ந்திருப்பவர்கள் உங்கள் வீட்டு ஆட்கள். அவர்களுக்கு மேலே இருப்பது மெல்லிய தகடும் கால் டன் பூண்டும்.

மூட்டைகளை வண்டிக்குள் தரையில், பின்னச்சுக்கு முன்பக்கமாக அடுக்கி, முன்னால் சரியாதபடி கட்டி, ஆள் ஏற்றாமல் கொண்டுபோகலாம். அதற்கும் வண்டியின் மொத்த எடை வரம்பு ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும். மூட்டை அதிகம் என்றால் அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு சரக்கு வண்டி அமர்த்துவதே கணக்கில் மலிவு. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. அது மூட்டை நசுங்காமல், நனையாமல் சந்தைக்குப் போனால்தான் அந்தப் பெயருக்குரிய விலையைக் கேட்க முடியும்.

அப்படியானால் மேலே எதை ஏற்றலாம்?

நீளமானது, லேசானது, நாற்றமடிப்பது. இந்த மூன்றும்தான் மேலே போக வேண்டியவை. மேலே சொன்ன 32 கிலோ கணக்குக்குள் காலி பேட்டரி ஸ்பிரேயர் இரண்டு சுமார் 14 கிலோ, மருந்துப் பெட்டி 6 கிலோ, தார்ப்பாய் 4 கிலோ, மண்வெட்டி, கொத்து போன்றவை 5 கிலோ என்று தாராளமாக அடங்கும். ஸ்பிரேயரைத் தண்ணீரோடு ஏற்றாதீர்கள். 16 லிட்டர் தண்ணீர் என்றால் 16 கிலோ. அது உள்ளே அலம்புவதால் ஆட்டமும் கூடும். யூரியா மூட்டை ஒன்றே 45 கிலோ. அது மேலே ஏறவே கூடாது. பவர் ஸ்பிரேயருக்கான பெட்ரோல் கேனையும் மேலே வைக்க வேண்டாம். வெயிலில் ஆவி பெருகும், விழுந்தால் தீ.

மருந்துக்கு இறுக்கமான மூடியும் பூட்டும் உள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வாங்குங்கள். அடியில் இரண்டு விரல் கனத்துக்கு மரத்தூள் பரப்புங்கள். கசிந்தால் அது உறிஞ்சிக்கொள்ளும். பாட்டில்களை நிமிர்த்தி வைத்து, இடைவெளியில் பழைய சாக்கைத் திணியுங்கள். அன்றைக்குத் தேவையான அளவை மட்டும், கடையில் வந்த அதே பாட்டிலில் எடுத்துப் போங்கள். தண்ணீர் பாட்டிலிலோ ஜூஸ் பாட்டிலிலோ ஊற்றி எடுத்துப் போகவே கூடாது. தோட்டம் சேர்ந்ததும் பெட்டியை இறக்கி நிழலில் வைக்க வேண்டும். திரும்பும்போது ஸ்பிரேயரை மூன்று முறை கழுவி, அந்த நீரை மருந்தடித்த பயிர் மேலேயே தெளித்துவிட்டு ஏற்றுங்கள். மருந்து நனைத்த சட்டையும் தனிப் பையில் மேலேதான் வர வேண்டும்.

பைப் வாங்கும்போது கடையில் 3 மீட்டர் நீளத்தில் கேளுங்கள். பிவிசி பைப் 3 மீட்டர், 6 மீட்டர் இரண்டிலும் வருகிறது. உங்கள் வண்டியே ஏறக்குறைய 4 மீட்டர்தான். 6 மீட்டர் பைப்பை மேலே கட்டினால் முன்னும் பின்னும் ஒரு மீட்டர் நீட்டிக்கொண்டு, வளைவில் எதிரே வரும் பஸ்ஸின் கண்ணாடியில் குத்தும். சொட்டுநீர்க் குழாய்ச் சுருளைப் படுக்க வைத்துக் கட்டுங்கள், நிமிர்த்தி வைக்காதீர்கள்.

கட்டும் விதம்

நைலான் கயிறு நனைந்தால் நீண்டு தளரும். சைக்கிள் டியூப் இழுபடும். இரண்டையும் துணைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பிடி முடுக்கும் ராட்செட் பெல்ட் இரண்டு வாங்குங்கள். ஒன்று குறுக்காக, ஒன்று முன்பின்னாக. பெல்ட்டைக் கேரியர் சட்டத்தில் கோக்க வேண்டும், கொக்கியைக் கூரை விளிம்பில் மாட்டக் கூடாது. கனமானது நடுவிலும் அடியிலும், லேசானது ஓரத்திலும் மேலேயும். கிளம்பி இரண்டு கிலோமீட்டரில் ஒருமுறை இறங்கிப் பெல்ட்டைத் தொட்டுப் பாருங்கள். வண்டி, கேரியர், சுமை சேர்த்துத் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, ஓட்டுபவர் முன்னால் எழுதி ஒட்டிவையுங்கள். தாழ்ந்த மரக்கிளைக்கும் தொங்கும் மின்கம்பிக்கும் அந்த எண் உதவும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவு விவரங்களுக்கு மாறாக வண்டியில் மாற்றம் செய்வதைத் தடுக்கிறது. ஆகவே மாட்டுவதற்கு முன் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். விபத்து நடந்தபின் கேட்டால் பயனில்லை. அளவுக்கு மீறி உயரமாகவோ பக்கவாட்டிலோ முன்பின்னோ நீட்டிக்கொண்டிருக்கும்படி சுமை ஏற்றினால், 194-ஆவது பிரிவில் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தபடி 20,000 ரூபாய் அபராதம். சுமையை இறக்கும் செலவும் உங்களுடையதே. சொந்த வண்டியில் அடுத்தவர் சரக்கை வாடகைக்கு ஏற்றுவதும் கூடாது. 123-ஆவது பிரிவு, வண்டியின் மேல் ஆள் ஏறிப் பயணிப்பதைத் தடை செய்கிறது. அறுவடைக்கு ஆள் போகும் நாளில் கேரியரைப் பார்த்ததும் இளவட்டங்கள் ஏறி உட்காரத்தான் பார்ப்பார்கள். முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

சுருக்கமாக, சகோதரி: முதலில் கூரைச் சுமை எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். 20 கிலோவுக்கு மிகாத தட்டையான கேரியர், குறைந்தது ஆறு கால், துளையும் வெல்டிங்கும் இல்லாமல். அதில் ஸ்பிரேயரும் மருந்துப் பெட்டியும் போகட்டும். பூண்டு தரையில் போகட்டும். பிள்ளைகள் சுத்தமான காற்றோடு உள்ளே உட்காரட்டும்.

கேள்வி: என்னிடம் இருப்பது படுதா போட்ட பழைய ஜீப். கொல்லிமலையில் மிளகுத் தோட்டம். ஏணியும் சாக்கும் கொண்டுபோக மேலே கேரியர் போட முடியுமா?

பதில்: படுதாவைத் தாங்கும் வளைகம்பிகள் படுதாவை மட்டுமே தாங்கும். அவற்றின் மேல் எதையும் கட்டாதீர்கள். மேலே ஃபைபர் கூரை மாட்டியிருந்தாலும் இதேதான், சுமை ஏறினால் அது பிளந்துவிடும். உங்கள் தேவைக்குக் கேரியரே வேண்டியதில்லை. மூன்று நான்கு துண்டாக மடங்கும் அலுமினிய ஏணி கிடைக்கிறது, அது வண்டிக்குள்ளேயே அடங்கும். மிளகுக் கொடி ஏற உயரமான ஒற்றைமூங்கில் ஏணிதான் வேண்டும் என்றால் அதைத் தோட்டத்திலேயே ஒரு கொட்டகையில் படுக்க வைத்து, சங்கிலி போட்டுப் பூட்டி வையுங்கள். தினமும் சுமந்து போய்த் திரும்ப வேண்டிய பொருள் எது, அங்கேயே இருக்கக்கூடிய பொருள் எது என்று பிரித்தாலே பாதிச் சுமை குறைந்துவிடும்.

கேள்வி: கேரியர் மாட்டியதிலிருந்து தார் ரோட்டில் போனால் விசில் அடிப்பது போலச் சத்தம். மழை பெய்தால் உள்ளே ஒழுகுகிறது. என்ன செய்வது?

பதில்: இரண்டும் தனித்தனி. சத்தம் வருவது முன் குறுக்குப் பைப்பில் காற்று மோதுவதால். அந்தப் பைப்பில் ஒரு மெல்லிய கயிற்றைச் சுருள்சுருளாக, நாலு விரல் இடைவெளி விட்டுச் சுற்றி இறுக்கிக் கட்டுங்கள். பெரும்பாலும் சத்தம் நின்றுவிடும். ஒழுகல் என்றால் கூரையில் துளை போட்டு மாட்டியிருக்கிறார்கள் என்று பொருள். போல்ட்டைச் சுற்றி மேலோடு பசை பூசினால் நிற்காது. கேரியரைக் கழற்றி, துளையைச் சுற்றி உள்ள துருவைச் சுரண்டி, துருத் தடுப்புப் பெயின்ட் அடித்து, காய்ந்தபின் ரப்பர் வாஷரும் சிலிகான் பசையும் வைத்து முடுக்க வேண்டும். விளிம்புக் கிளாம்ப் போட வசதியுள்ள வண்டி என்றால் துளைகளை நிரந்தரமாக அடைத்துவிட்டுக் கிளாம்ப்புக்கு மாறிவிடுங்கள்.

கேள்வி அனுப்பும் வாசகர்கள் வண்டியின் மாடல், தயாரித்த ஆண்டு, போகும் பாதை, ஏற்றும் பொருள்களின் எடை ஆகியவற்றையும் சேர்த்து எழுதினால் பதில் சொல்ல வசதியாக இருக்கும். எடையைக் குத்துமதிப்பாகச் சொல்லாமல், வீட்டுத் தராசில் ஒருமுறை போட்டுப் பார்த்து எழுதுங்கள்.